மணிலாவில் மணி ஐந்தே முக்கால்

டர்பனில் பதினொன்றே முக்கால்.
பாயிண்ட் ரோட்டில் எங்கள் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே
கப்பல்காரர்கள் எட்டுப் பேர்,
ஒரே வேனில் வந்தவர்கள்.
கடைசி ஆள் ரோதெலியோ மகரேய்க்,
எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிறவர்.
நகக்கண்ணில் கறுப்பு. சோப்பு தோற்றுப்போன கறுப்பு.

வீட்டுக்கு அனுப்பணுமா, வழக்கம்போலக் கேட்டேன்.
வீட்டுக்குத்தான்.
வீட்டில் இருக்கிறவர்களுக்கு இல்லை,
வீட்டுக்கே, என்றார்.

பன்னிரண்டு இலக்க எண்ணை மூச்சுவிடாமல் சொன்னார்.
தன் ரத்த வகையைக் கேட்டால்கூட
அட்டையைப் பார்த்துத்தான் சொல்வாராம்.

அவர்கள் அரசாங்கத்தின் நிதி.
மாதாமாதம் சேமிப்பைப் போட வேண்டும்,
போட்டவனுக்கு வீட்டுக் கடன்.
பெயர் பாக்-இபிக்.
அப்படியென்றால்?
காதல், என்றார், வெட்கமே இல்லாமல்.
முப்பது வருஷத்துக்குக் காதல்.
மாதம் எட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பெசோ.
தவறினால் அபராதம், நாள் கணக்கில்.

எங்கள் ஊரில் இதையே பாண்ட் என்கிறோம்.
கால்கட்டு.
தமிழில் கடன்; கடலின் கடைசி எழுத்தை மாற்றினால் போதும்.
இதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
வேடிக்கை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

படம் காட்டினார்.
கவித்தே, பிளாக் பதினான்கு, லாட் ஒன்பது.
கீழே பச்சைச் சுவர்,
மேலே கம்பிகள் மட்டும், முடிவெட்டாத தலை மாதிரி.
இதில் எத்தனை ராத்திரி தூங்கியிருக்கிறீர்கள்?
விரல்விட்டு எண்ணினார்.
ஆறு வருஷத்தில் நாற்பத்தொன்று.
அதில் ஒன்று வாசலில். பெயின்ட் காயவில்லை.

நான் வெஸ்ட்கிளிஃப்பில் என் வீட்டில்தான்
தினமும் தூங்குகிறேன், அதைத் தூக்கம் என்று சொன்னால்.
வங்கிக் கடிதம் மைக்ரோவேவ் மேல் இருக்கிறது,
வாழைப்பழத் தட்டுக்கு அடியில்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து.

மூன்று மாதம் கம்பெனி சம்பளம் தரவில்லை என்றார்.
நேற்று தந்தார்கள்.
இன்றைக்குள் கட்டாவிட்டால் நாலாவது தவணையும் பாக்கி.
இன்று என்பது மணிலாவின் இன்று.
அது ஆறு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.
ரசீது பாதி நாக்கை நீட்டியது.
கரண்ட் போயிற்று.
பன்னிரண்டிலிருந்து இரண்டரைவரை எங்கள் பகுதிக்கு இல்லை,
பலகையிலேயே எழுதியிருந்தோம்.

ஜெனரேட்டர் எங்கே, என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.
பின்கட்டில் குனிந்து, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டார்:
இதில் ஒன்றும் கெடவில்லை, மேடம்.
காலியாக இருக்கிறது.

வேன் ஹார்ன் அடித்தது. இரண்டாம் தடவை நீளமாக.
நாலு மணிக்குக் கப்பல்.
கண்ணாடிக்கு அடியில் ராண்டு நோட்டுகளைத் தள்ளினார்,
கூடவே ஒரு துண்டுக் காகிதம்:
பன்னிரண்டு இலக்கம், மாரிவிக், அவள் கைப்பேசி எண்.
ரசீது இல்லாமல் பணம் வாங்கினால் வேலை போகும்.
வாங்கினேன்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
எழுத்துக்கூட்டிப் படித்தார்: ச லோ ஷ் னா.
அவருக்குக் கிடைத்த உத்தரவாதம் அவ்வளவுதான்.

இரண்டு முப்பத்து நாலுக்கு விளக்கு வந்தது.
அங்கே எட்டு முப்பத்து நாலு.
அனுப்பினேன். ரசீது முழுசாக வந்தது.
படம் எடுத்து மாரிவிக்குக்குப் போட்டேன்.
ஜன்னலில் அவர் கப்பல் தெரிந்தது என்று எழுதலாம்.
தெரியாது. எதிரே டயர் கடை.

ஐந்து மணிக்கு ஒரு குரல் செய்தி, பதினோரு விநாடி.
சலாமாத் போ, என்று முதல் இரண்டில்.
மீதி ஒன்பதும் மழை.
தகரத்தின்மேல் விழுகிற மழை.
மேல்மாடிக்குத் தளம் வரும்வரை
கம்பிகளுக்கு நடுவே தகரம் போட்டிருக்கிறாள்.
அவர் படத்தில் அது இல்லை.
அவருக்கே தெரியுமோ என்னவோ.

பஸ்ஸில் இன்னும் இரண்டு தடவை கேட்டேன்.
வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல்,
வாழைப்பழத் தட்டை நகர்த்தினேன்.