மட்டந்தட்டல்

பீல் நகரத் தொழிற்சாலையில் பகல் முழுக்க
கண்ணில் உருப்பெருக்கி செருகிப்
பற்சக்கரம் பார்ப்பவள் நான்.
மயிரிழையை நூறாய் வகிர்ந்து
அதிலொன்று பிசகினாலும்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவார்
மேற்பார்வையாளர் வீஸ்.

வீட்டில் யதுசனின் கணக்குக் கொப்பி:
ஒரு நகரில் 54,386 பேர்.
கிட்டிய ஆயிரத்துக்கு எழுதுக.
ஜெர்மனில் "ரூண்டன்" என்கிறான்.
நான் படித்த சொல்லைச் சொன்னேன்: மட்டந்தட்டல்.

பென்சிலை வைத்துவிட்டான்.
"ஆக்களை மட்டந்தட்டக் கூடாதெண்டு
தமிழ்ப் பள்ளியில சொன்னவை."
இது வேற, என்றேன்.
ஐந்நூறுக்குக் கீழ எண்டால் விட்டுவிடு,
ஐந்நூறு வந்தால் ஏத்திவிடு.
கடையிலயும் இரண்டு ராப்பன்
மிச்சம் தாறேல்லத்தானே.
"அப்ப அந்த முன்னூற்றி எண்பத்தாறு பேர்?"
அவை நகரத்திலதான் இருக்கினம்,
கணக்கிலதான் இல்லை.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

54,000 என்று எழுதினான்.
கடைசிப் பூச்சியத்துக்குள்
பொடிப்பொடியாய்ப் புள்ளி குத்தத் தொடங்கினான்.
நான் எண்ணவில்லை.
குத்துமதிப்பாய் முன்னூறு இருக்கும்.

அடுத்த கேள்வி, நேரம். கிட்டிய மணிக்கு.

பின்னேரம் ஆறுக்கு வருவன் என்றுதான்
தினமும் காலையில் சொல்லிப் போகிறேன்.
பஸ் இறக்கிவிடுவது ஆறு இருபத்தைந்துக்கு.
"அது ஆறுதான் அம்மா."
சரி.
பஸ்ஸை விட்ட நாளில், ஆறு நாற்பது?
பென்சில் நுனியைக் கடித்தான்.
"அதுவும் ஆறு."

விதிப்படி ஏழு.
மேசையில் கிடந்த அழிரப்பரை எடுத்து
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.