ஒரு பக்கம்

நவம்பர் தில்லியில்
யாருக்குத்தான் மூக்கு அடைக்கவில்லை?
அலுவலகமே உறிஞ்சிக்கொண்டிருந்தது.
மூன்று குளிர்காலம் நானும் புகையைத் திட்டினேன்,
ஆவி பிடித்தேன்,
மூக்குச் சொட்டுக்கென்றே
முனைக்கடையில் கணக்கு வைத்தேன்.

டாக்டர் ஹர்லீன்தான் கேட்டார்:
"புகை ரெண்டு பக்கமும்தானே போகும்?
உங்களுக்கு ஏன் இடது மட்டும்?"

எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஸ்கேன் படத்தில்
கன்னத்தெலும்புக்குப் பின்னால்
கருப்பாக, காலியாக இருக்கவேண்டிய அறையில்
சாம்பல் நிறத்தில் யாரோ குடிவந்திருந்தார்கள்.
அபூர்வம், என்றார்
எனக்குப் பரிசு விழுந்ததுபோல.
வெளியே தலைநீட்டாமல்
தனக்குள்ளேயே மடிந்து மடிந்து வளருமாம்.
தீங்கற்றது.
எலும்பைக் கொஞ்சம் அரிக்கும்.
எடுத்தாலும் திரும்பி வரலாம்.
ஆனால் தீங்கற்றது.

இளம்பரிதிக்குப் போனில் அந்த ஒரு சொல்லைத்தான்
முதலில் சொன்னேன்.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அழுதானா,
அவனுக்கும் நவம்பரா,
தெரியவில்லை.

பஞ்சை உருவிய எட்டாம் நாள்
மயூர் விஹார் வீட்டில் சன்னலைத் திறந்தேன்.
காஜிப்பூர் குப்பைமலை
முழுசாக உள்ளே வந்தது.

இந்த வாடகைக்கு இப்படியொரு வீடா என்று
எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்!
பாதி மூக்குக்கான வாடகை அது.

கொக்கியைப் போடப் போன கை
பாதியில் நின்றது.
வலது துவாரத்தை விரலால் அடைத்து
இடதால் மட்டும்
இன்னொரு முறை இழுத்தேன்.