நட்டு வெளிப்பக்கம்

போல்ட்டின் தலை உள்ளே இருக்கட்டும்,
நட்டு வெளிப்பக்கம், என்றார் ஹெப்சிபா டாக்டர்.
"திருகினால் கழலும் என்பது
ஒரே மத்தியானத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும்."
தொண்ணூற்றாறு போல்ட்டையும் கழற்றித் திருப்பினோம்.
அன்று டீ வரவில்லை.

ராணிப்பேட்டையில்
பாய்லர் குழாய்களைப் பற்றவைத்த கை இது.
ஆவி எந்தப் பக்கம் முட்டும், தெரியும்.
சிம்பன்சி எந்தப் பக்கம் முட்டும் என்று
வரைபடத்தில் அம்புக்குறி ஏதும் இல்லை.

காட்பாடி யார்டிலிருந்து
பழைய ரயில் கட்டை ஒரு லோடு, சல்லிசாக வந்தது.
டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார்.
கீல் எண்ணெய்.
கடிப்பாள், நக்குவாள், ஈரல் போய்விடும்.
திரும்பிப் போன லாரியின் வாடகை என் தலையில்.
அப்புறம்தான் டிப்போ ஏலத்தில் எடுத்த கருமருது.
பெயின்ட் கூடாது, ஆணி கூடாது.
சிராய் குத்தாதபடி இம்தியாஸ்
மூன்று நாள் உப்புத்தாள் போட்டான்.
சொந்தக் கல்யாணக் கட்டிலையே
இப்படித் தேய்க்கவில்லையாம்.

சித்திரை. வேலூர் வெயிலில் பதினோரு மணிக்கே
இரும்பு தொடவிடாது.
கீழே சிந்திய ராடு முனைகளை
கயிற்றில் காந்தம் கட்டி, குழந்தை வண்டி இழுப்பதுபோல்
இழுத்து இழுத்துப் பொறுக்கினோம்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள்
இன்ஜினியர் சொன்னார்:
யாராவது ஒருத்தர் உள்ளே போங்க,
பூட்டறோம்,
வெளியே வர முடியுதா பாருங்க.

சிரித்தோம்.
தேசிங்கு சிரிக்கவில்லை.
தொரப்பாடி ஜெயிலில் பதினேழு நாள்
ரிமாண்டில் இருந்தவன். மணல் கேஸ்.
மணலும் வண்டியும் முதலாளியுடையவை,
ஸ்டியரிங் மட்டும் இவன் கையில்.
வேண்டாம்டா, நான் போறேன் என்றேன்.
அதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான்.

பூட்டு விழுந்தது.
நானாக இருந்தால் கம்பியை உலுக்கியிருப்பேன்.
அவன் ஒன்றையும் தொடவில்லை.
உள்ளேயிருந்து பார்த்தால் சுற்றிலும்
பிடி கொடுக்காத மொழுக்குத் தலைகள்.
நடுவில் உட்கார்ந்து
நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அரை மணி. இன்ஜினியர் இரண்டு போன் பேசி முடித்தார்.
பிறகு எழுந்து மேல்மேடைக்கு ஏறி
மரமும் இரும்பும் சேரும் மூலைக்கு
நேராகப் போனான்.
ஒரு விரலை விட்டான். இரண்டு.
மூன்றாவதும் போனது.
கருமருது காய்ந்து உள்வாங்கியிருந்தது,
இரும்பு நின்ற இடத்தில் நின்றிருந்தது.
"கொம்பு கிடைச்சா இங்க நெம்பிடலாம்ணா."

எப்படிடா கண்டுபிடிச்சே?
"வெளிச்சம் வந்துச்சு."

ராத்திரி பிளேட் வெட்டி
அந்த மூலையை அடைத்தேன்.
எனக்கு டார்ச் பிடித்தது அவன்தான்.
கை ஆடவில்லை. பேச்சும் இல்லை.
மலைப்பக்கம் எதுவோ இரண்டு தரம் கத்தி ஓய்ந்தது.

வைகாசியில் வந்தாள் பிங்கி.
எந்த சர்க்கஸ் வைத்த பெயரோ.
பெட்டிக் கதவைத் தூக்கிய பிறகும்
ஒரு மணி நேரம் இறங்கவில்லை.
தீயணைப்பு ஹோஸில் முடைந்த ஊஞ்சலை,
இம்தியாஸின் வழவழப்பை
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
நடுவில் உட்கார்ந்தாள்.
நிழல் ஒரு பலகை தள்ளிப் போனதும்
மேல்மேடை ஏறி
மூலையில் என் வெல்டிங் தையலின் மேல்
உதட்டை வைத்தாள்.
ருசி பார்க்கிறாள் என்றார் இன்ஜினியர்.
டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

தேசிங்குக்கு அன்று லீவு கொடுத்திருந்தேன்.
வந்திருந்தான்.
எல்லோருக்கும் பின்னால், புங்கமரத்தடியில்,
குடிநீர்க் குழாயைப் பார்த்தபடி.

பஸ் நாகநதி தாண்டியதும் கேட்டான்:
"அந்த மூலையை நான் சொல்லியிருக்கணுமாண்ணா?"
கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.
வீடு தொரப்பாடி தாண்டி.
ஜெயில் மதில் ஓரமாக பஸ்ஸில் போகமாட்டான்,
முன்னாடியே இறங்கி
சந்து சந்தாகச் சுற்றி நடப்பான்.

பாகாயம் ரெண்டு, என்றேன்.