மனதில் வைத்திருத்தல்

முப்பத்திரண்டு கூற்றுகள்.
எதிரே ஐந்து பெட்டிகள்:
ஒருபோதும் இல்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்.
பெட்டிகள் மட்டும்தான்
முதல் நாளிலேயே தமிழுக்கு வந்து சேர்ந்தன.

பொரளையில், மலர்ச்சாலைக்கு எதிர் மாடி.
மின்விசிறி ஒன்று, மேசை இரண்டு.
ஒன்றில் நான்.
மற்றதில் நிலூஷா, சிங்களப் பிரதியோடு.
நெற்றிக்குப் பின்னால் இருந்து
திட்டமிட்டு, தடுத்து, திருப்பிவிடும் அந்த ஒன்றுக்கு
'நிறைவேற்றுத் தொழிற்பாடு' என்று
நிபுணர் குழு பெயர் வைத்தது.
பிளேன்ரீ கொண்டுவந்த பெடியன் எட்டிப் பார்த்து
"ஜனாதிபதிட விசயமோ அக்கா?" என்றான்.

கூற்று ஒன்பது:
ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறுவது
எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.
மூலத்தைக் கண்ணால் காணாத டெல்றின்
கொட்டாஞ்சேனையிலிருந்து அதை மீள ஆங்கிலமாக்கி அனுப்பினான்.
வேறு உத்தியோகம் எடுப்பது சுலபமில்லை
என்று திரும்பி வந்திருந்தது.
சிரித்தோம்.
முன்னோட்டத் தாள்களைப் புரட்டியபோது
இருபது பேரில் பதினேழு பேர்
'எப்போதும்' போட்டிருந்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.

கூற்று இருபத்தொன்று:
யோசிக்காமல் பேசிவிடுவேன்.
புறக்கோட்டையில் துணி மொத்தமாக விற்கும் இஸ்ஸதீன் நானா
பேனையை மூடி வைத்தார்.
"பஸ்ஸில போன் வந்தா மூணு தரம் யோசிப்பேன் தங்கச்சி.
என்ன பேசற எண்டில்ல.
எந்த பாஷையில பேசற எண்டு."
அடக்கும் ஆற்றல்: முழுப் புள்ளி.
அதை அவருக்குப் பழக்கியது எது என்று
எழுத நிரல் இல்லை.

கூற்று பதினான்கு:
பல விஷயங்களை ஒரே நேரத்தில்
மனதில் வைத்திருக்க என்னால் முடிவதில்லை.
வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி.
திலகேஸ்வரி, வயது எழுபத்தொன்று.
"என்ன விளங்கினது, உங்கட சொல்லில சொல்லுங்கோ"
என்று வழிகாட்டியில் உள்ளபடி கேட்டேன்.
ரயில் கடந்து முடியும்வரை யன்னலைச் சாத்திவைத்தார்.

"நான் ஒண்டையும் மனசில வச்சிருக்கிறேல்ல பிள்ளை.
கடையை எரிச்சவங்களையும்தான்.
ரெண்டு பேரின்ர பேர் தெரியும்.
ஒருத்தன் எங்களிட்ட கடனுக்குச் சீனி வாங்கினவன்,
முக்கால் றாத்தல்.
வச்சிருக்கிறேல்ல."

எரிந்துபோன கடையின் ஐந்து இலக்க இலக்கத்தை
தடங்காமல் சொல்லிவிட்டு
'எப்போதும்' என்பதில் புள்ளடி போட்டார்.
புள்ளித்திட்டத்தின்படி
அவருடைய செயல்படு நினைவு கடுமையாகப் பழுதடைந்திருக்கிறது.

மாடிக்குத் திரும்பி நிலூஷாவிடம் சொன்னேன்.
அவள் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
பதினான்காவதைச் சுற்றி சிவப்பு வட்டம்.
ஹிதே தியாகன்னவா என்றால்
அவர்களுக்கும் வன்மம்தானாம்.
கம்பஹாவில் ஒரு தாய், மகனைப் பறிகொடுத்தவள்,
அதே கூற்றில் நின்று
தண்ணீர் கேட்டாளாம்.

கீழே மலர்ச்சாலையில் வெள்ளைக் கொடி கட்டினார்கள்.
நாங்கள் இருவரும் அவரவர் அகராதியைத் திறந்தோம்.

'மனதில்' வெட்டி 'ஞாபகத்தில்' போட்டேன்.
அவள் 'மதக்கயே' போட்டாள்.
அல்பா பூச்சியம் தசம் எட்டு நான்குக்கு ஏறியது.
பேராசிரியருக்கு நல்ல சந்தோஷம்.
கட்டுரையில் இது ஒற்றை வரி:
பண்பாட்டுக்கு ஏற்பச் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன.

முன்னோட்டத்தில் இருந்தவரை
மறுபடி கேட்கக் கூடாது என்பது விதி.
போனேன்.
திலகேஸ்வரி கண்ணாடியைப் போட்டு
ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார்.
பதினான்கில் விரல் நின்றது.

"போன முறை இதை வேற மாதிரியெல்லோ கேட்டனீங்கள்?"

ஓம் என்றேன்.

"இது சுகமான கேள்வி" என்று
'சிலவேளை'யில் புள்ளடி போட்டுவிட்டு
எழுந்துபோய் யன்னலைத் திறந்தார்.
அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.