காரணத்துக்கு இரண்டு வரி

படிவம் பிரிட்ஜின் மேல் கிடக்கிறது.
இருமல் பாணிப் போத்தலை அதன்மேல் வைத்திருக்கிறேன்,
காற்றுக்குப் பறக்காமலும்
கண்ணில் முழுதாகப் படாமலும்.

பன்னிரண்டாம் திகதிக்குள் கொடுக்க வேண்டும்.
துணுக்காய் கிளினிக்கில் ஓரிடம்.
காலை எட்டு, மாலை நான்கு.
இரவு இல்லை, ஞாயிறு இல்லை.
இரவு இல்லையென்றால் ஓவர்டைமும் இல்லை.
ஓவர்டைம் இல்லையென்றால் லீசிங் காசு?
ஸ்கூட்டியின் முன்சில்லைப் பார்த்தபடி
கூட்டிக் கழிக்கிறேன்.

ரஜீபன் பூசணி ஏற்றிக்கொண்டு தம்புள்ளையில் நிற்கிறான்.
போனுக்குள் லொறிகளின் இரைச்சல்.
"உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்."
நல்ல மனிதன்தான்.
ஆனால் அந்த வசனத்தை
நான் தனியத்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

நேற்றிரவு வாட்டில் மூன்று பிள்ளைகள்.
மூன்றாவது அழத் தாமதித்தது.
முதுகைத் தேய்த்தேன், தேய்த்தேன்,
அது வீறிட்ட நொடியில் என் சட்டை நனைந்தது.
யாரோ பெற்றது அழ, என் மார்புக்குக் கேட்டது.
யதுசாவுக்குப் பதினொரு மாதம்.
எட்டுக் கிலோமீற்றர் தள்ளி, பாலிநகரில்,
உதயமலர் அக்காவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில்
மாப்பால் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள்.
மருந்தறைக்குப் பின்னால் நின்று
பாலைப் பீச்சி பேசினில் விட்டேன்.
சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.
பாலுக்குச் சத்தமில்லை.
எனக்குத்தான்.

துருவனுக்கு நாலு வயது.
மணிக்கூடு தெரியாது. கொடி தெரியும்.
கொடியில் வெள்ளை உடுப்புக் காய்ந்தால்
அம்மா வீட்டில்.
போன வியாழன்
ஸ்திரிக்கை போட்டு மடித்து வைத்ததை எடுத்துப்போய்
கிணற்றடி வாழைப் பாத்திக்குள் அமுக்கி
ஏறி நின்று மிதித்து,
கொடி எட்டாததால் வேலிக்கம்பியில் கொளுவியிருந்தான்.
"இனி நீங்கள் போகேலாது."
அடிக்கக் கை ஓங்கினேன்.
ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
கம்பியிலிருந்து உடுப்பை எடுத்தேன்.

பழையதைப் போட்டுக்கொண்டு போனேன்.
பிந்திவிட்டது.
வவுனிக்குளம் கட்டடியில் யானை.
லைற்றை அணைத்துவிட்டு நின்றேன்.
அதுவும் குட்டியோடுதான் வந்திருந்தது.
அதன் அவசரமின்மையைப் பார்க்க
எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது,
ஒரு யானையோடு.

பத்மலோஜினி மிஸ் சொன்னார்:
"நீ போனா உன்ர இடத்துக்கு ஆள் வராது.
போகாதை எண்டு சொல்லேல்ல.
வராது எண்டுதான் சொல்லுறன்."
பிறகு விட்ட இடத்திலிருந்து
பஞ்சுக் கட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

பதின்மூன்று வயதில்,
ஒரு தறப்பாளுக்குக் கீழே,
என் காலிலிருந்து இரும்பை எடுத்தவள் ஒரு தாதி.
"அசையாதை, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றாள்.
முடியவில்லை, இன்னும் கனநேரம் எடுத்தது.
அவளைப் பார்த்துத்தான் நான் இதற்குப் படித்தேன் என்று
நேர்முகத் தேர்விலும் சொன்னேன்.
இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் யோசித்தேன்,
அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?
அந்த நேரம் அவர்களை
யார் வைத்திருந்தது?

இப்போது இரவு பதினொன்று.
இருவரும் நித்திரை.
படிவத்தை எடுத்தேன். போத்தல் அடி
வட்டமாக ஒட்டியிருந்தது.
பெயர். தரம். சேவைக்காலம்.
இடமாற்றம் கோருவதற்கான காரணம்:
இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
"பிள்ளைகள்" என்று எழுதினேன்.
எந்தப் பிள்ளைகள் என்று
எழுதப்போய் நிறுத்தினேன்.

கையெழுத்தைப் போட்டேன்.
திகதியைப் போடவில்லை.

வெளியே மழை மணக்கிறது.
கொடியில் உடுப்பு.
நாளை ஒரு மணிக்கு டியூட்டி, எடுத்தால்தான் காயும்.
எடுத்தால்
அவன் விடிய எழும்பி யன்னலால் பார்க்கும்போது
கொடி வெறுமையாக இருக்கும்.

முதல் துளி தகரத்தில் விழுகிறது.
நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.