செவ்வாய்க்கிழமை நீள்கிறது

வெலிங்டனில் புதன் பிறந்து நாலு மணி நேரம்.
அவைக்குள் இன்னும் செவ்வாய்.

அதி அவசரம் என்றொரு தீர்மானம்.
அது நிறைவேறியதிலிருந்து நள்ளிரவு
வாசலிலேயே நிற்கிறது, உள்ளே விட ஆளில்லாமல்.
நடவடிக்கைக் குறிப்பில் தேதி மாறாது.
பச்சைத் தோல் இருக்கைகளில் சிலர்
செவ்வாய்க்கிழமையாகவே தூங்குகிறார்கள்,
ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு.

அதிகாரிகள் பெட்டியின் ஓரத்தில்
ரேவா பொஹாட்டு, சட்ட வரைவாளர், பத்தொன்பது வருடம்,
ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுகிறாள்.
அமைச்சர் ஹால்டேன் கேட்ட சொல்:
என்றென்றைக்கும்.
ஏரித் தண்ணீரை எவரும் விற்கக் கூடாது, என்றென்றைக்கும்.
"அடுத்து வருகிறவர்கள் கை வைக்க முடியாதபடி எழுதுங்கள்."
அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.
அந்த ஏரியில் அவளும் நீந்தியிருக்கிறாள்.

இந்த அவைக்கு வேலி கிடையாது.
அரசமைப்பு என்று
அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட ஒற்றைப் புத்தகம் இல்லை.
முன்பு ஒரு மேலவை இருந்தது;
தன்னைக் கலைக்கத் தானே வாக்களித்துவிட்டு
எழுந்து போயிற்று.
நீதிமன்றம் சட்டத்தை அடித்துப் போடாது,
முகம் சுளிக்கும், அதையும் மரியாதையாக.
கடிகார முள்ளை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள்,
சூரியன் மேல்முறையீடு செய்யவில்லை.
ஒரு நதியை ஆள் என்று அறிவித்தார்கள்.
கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்:
இப்போதுதானா தெரிந்தது?
அதே பேனாதான் ஒரு காலத்தில்
ரேவாவின் முன்னோர் நிலத்தையும் எடுத்தது.
ஒரு பிரிவு. இரண்டு உட்பிரிவு.
வாக்கியப் பிழை ஏதுமில்லை,
அவள் சரிபார்த்திருக்கிறாள்.

எல்லாம் முடிகிற இந்த அவைக்கு
முடியாதது ஒன்றுண்டு:
நாளை வரும் அவையின் கையைக் கட்டுவது.
முடிச்சுப் போடலாம்.
முக்கால்வாசி வாக்கு வேண்டும் என்று பூட்டும் போடலாம்.
சாவி பூட்டின் மேலேயே தொங்கும்.

மேசைக்கடியில் கைபேசி அதிர்கிறது.
தங்கை மெரெயானாவின் கணவன்:
பெண். மூணு கிலோ நானூறு.
நாலு பத்து. புதன்.

கிழமை என்றால் நாள்.
கிழமை என்றால் உரிமையும்.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள்
எதையோ பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.
உள்ளே இருப்பவர்களுடையது செவ்வாய்.
ஹட் மருத்துவமனையில், துணிச்சுருளுக்குள்
சுருட்டிய கை ஒன்றுடையது புதன்.

இடைவேளையில் அமைச்சர் வருகிறார், கையில் ஆறிய காபி.
"எழுதியாயிற்றா?"
"எழுதியாயிற்று. என்றென்றைக்கும் என்றே."
"எதுவரை தாங்கும்?"
கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார், களைப்பில்.
"தேர்தல் எப்போது என்று உங்களுக்குத் தெரியும்" என்கிறாள்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.
அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறார்:
"இருக்கட்டும். நீக்க வருகிறவன்
அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்துவிட்டு நீக்கட்டும்."

மணி அடிக்கிறது. தூங்கியவர்கள் எழுகிறார்கள்.
ஆம் என்போர். இல்லை என்போர்.
காலணி தேடுகிறவர்.

ஒன்பது நாற்பதுக்கு சபாநாயகர் எழுந்தார்.
செவ்வாய் முடிந்தது.

மோல்ஸ்வர்த் தெருவில் காற்று
அவள் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது;
அதற்கு எந்தச் சட்டமும் இன்னும் எழுதப்படவில்லை.
காரின் கண்ணாடியில் ஒரு சீட்டு படபடத்தது.
நிறுத்தக் கூடாத இடம், நாற்பது டாலர்.
நகராட்சி ஊழியர் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்:
புதன்கிழமை.

அதை மடித்துப் பையில் வைத்தாள்.
குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம்.
வண்டியை ஹட் பக்கம் திருப்பினாள்.