தேவலை

முனிர்காவில் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்,
அதைத் தாண்டிக் கொஞ்சம் வானம் இருக்கும் என்று
புரோக்கர் சொன்னார்.
முன்பிருந்த லாஜ்பத் நகர் வீட்டில் ஜன்னலே கிடையாது.
அதற்கு இது தேவலை.

காற்றை அளப்பது என் வேலை.
அலுவலகக் கூரையில் ஒரு தகரக் கூண்டு,
அதற்குள் ராப்பகலாக உறுமும் இயந்திரம்.
வெள்ளையாக உள்ளே போன வடிதாள்
மறுநாள் காலை கடுங்காப்பி நிறத்தில் வெளியே வரும்.
எடை போடுவேன், எழுதுவேன்.
படிவத்தில் ஆறு கட்டங்கள்:
நன்று, திருப்தி, மிதம், மோசம், மிக மோசம், கடுமை.
நேற்று நானூற்றுப் பதினெட்டு.
இன்று முந்நூற்று எண்பது.
படிவத்துக்கு இது மிக மோசம்.
என்னிடம் வேறொரு சொல் இருக்கிறது,
அதற்குக் கட்டம் இல்லை.

காய்ச்சல் இறங்கிய நெற்றியில்
புறங்கை வைத்துப் பார்க்கிற சொல்.
நல்லா இருக்கேன் என்று பொய் சொல்லாது.
நாசமாய்ப் போனேன் என்று ஊரைக் கூட்டாது.
பாதிப் படியில் நின்று
கைப்பிடியைப் பிடித்தபடி
மூச்சு வாங்கிக்கொண்டே பேசும்.

மகனுக்கு ஆறு வயது.
முகில் என்று பேர் வைத்தபோது
நான் டெல்லி வானத்தைப் பார்த்ததில்லை.
நவம்பர் வந்தால் அவன் நெஞ்சுக்குள் யாரோ
எண்ணெய் போடாத தையல் மிஷினை மிதிப்பார்கள்.
ராத்திரி இரண்டு மணி.
நெபுலைசர் கடகடவென்று ஓடி ஓய்ந்த பிறகு
முகமூடியைக் கழற்றாமலே கேட்பேன்,
தேவலையா?
கண்ணை மட்டும் மூடித் திறப்பான்.

மேல்மாடிக் குசும் ராவத் ஒருநாள் கேட்டாள்,
தேவ்லை தேவ்லை என்கிறாயே, அது உங்கள் ஊர் சாமியா?
டீக் ஹே என்றேன். இல்லை.
பெஹ்தர் என்றேன். அதுவும் இல்லை.
தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.
அவள் சமையலறைக் குழாயைத் திருகினாள்.
இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்,
தும்மித் தும்மி, கலங்கலாக,
ஆனால் வந்தது.
இதுவா?
இதேதான்.
இப்போதெல்லாம் டேங்கர் சந்துக்குள் நுழைந்தால்
மேலிருந்து கத்துகிறாள்: தேவ்லை! தேவ்லை!

போன வாரம் முகிலின் அப்பா கூப்பிட்டார்.
மூன்று வருஷம் கழித்து.
ஏதோ பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமாம்.
கோயம்புத்தூரில் மழையாம்.
எப்படி இருக்கே?
தேவலை.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
பிறகு கேட்டார்,
எதைவிட?

இத்தனை வருஷம் வாயிலேயே வைத்திருந்த சொல்.
அதற்குள் ஒரு 'விட'
மரவட்டை போலச் சுருண்டு கிடந்தது
எனக்கே தெரியாது.

லாஜ்பத் நகர் வீட்டை விட என்றேன்.
அங்கே ஜன்னல் கூட இல்லை.

இருந்துச்சு என்றார்.
நாமதான் அலமாரியை முன்னாடி போட்டோம்.

சண்டை போடும் குரல் இல்லை அது.
சாவி எங்கே வைத்தோம் என்று
ஞாபகப்படுத்திச் சொல்லும் குரல்.
பச்சை இரும்பு அலமாரி. ஆமாம்.
அதன் முதுகுக்குப் பின்னால் கோடை முழுக்க
ஒரு புறா முனகிக்கொண்டே இருந்தது.
சுவருக்குள் இருக்கிறது என்றுதான்
நான் நினைத்திருந்தேன்.

பத்திரம் கூரியரில் வந்தது.
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
முகில் இருமாமல் இட்லி தின்றான், மூன்று.
கூரையில் நின்று பேனாவை உதறினேன்.
'மோசம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்,
கொஞ்சம் கோணலாக,
வால் கட்டத்தை விட்டு
வெளியே நீளும்படி.